வைப்பகத்தார் இட்ட வேலி

காட்டில் வாழும் ஒரு மக்களினத்தை அதன் மண்ணிலிருந்து அகற்றப் படையும் பீரங்கியும் வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. இக்காலத்தில் அவை வேண்டுவதில்லை. ஓர் உரிம ஆவணம் போதும். அதற்குக் கடன் தர ஒரு பன்னாட்டு வைப்பகம் போதும். அவ்வைப்பகம் தன் நெஞ்சை ஆற்றிக்கொள்ளக் கேட்டு வாங்கிக் கோப்பில் செருகி வைக்கின்ற சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று போதும். இம்மூன்றும் சேர்ந்த அளவிலேயே பறிப்பு என்னும் பழைய பெயர் மறைந்து, வளர்ச்சித் திட்டம் என்னும் புதிய பெயர் பிறந்துவிடுகின்றது. தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் காமிசேயா எரிவளித் திட்டம் அவ்வாறு பெயர் மாறிய ஒன்றே ஆகும்.

அந்தீசு மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கி, அமேசான் பெருங்காட்டிற்குள் ஓடுகின்ற ஆறு உருபாம்பா. அதன் கீழ்ப்பள்ளத்தாக்கில், காமிசேயா என்னும் துணையாறு வந்து கலக்கின்ற பகுதியைச் சூழ்ந்து மச்சிகெங்கர் வாழ்கின்றனர். யீனேயர், அசானிங்கர் ஆகியோரின் ஊர்களும் அப்பள்ளத்தாக்கில் உண்டு. இன்னும் உள்ளே, ஆறுகள் தோன்றுகின்ற தலைப்பக்கத்துக் காடுகளில், நாந்தியரும் நாகுவரும் வாழ்கின்றனர். இவர்களுள் சிலர் வெளியுலகத் தொடர்பை அண்மைக்காலத்தில்தான் ஏற்றவர்கள். சிலர் இன்றுவரை அதனை வேண்டாமென்று ஒதுக்கி வாழ்பவர்கள். ஆற்றில் மீனும், காட்டில் வேட்டையும், வெட்டித் திருத்திய கொல்லையில் மரவள்ளியும் இவர்தம் வாழ்வு. தமிழகத்து ஏழையின் வயிற்றைப் பஞ்சக் காலங்களில் காத்த அதே மரவள்ளிதான்; அமேசான் காட்டின் தொல்குடியினர் பயிராக்கிப் பண்படுத்திய பிறகே அது கடல் கடந்து இங்கு வந்தது. காட்டுமிராண்டிகள் என்று இகழப்பட்டோர் உலகுக்கு ஊட்டிய சோறு அது என்பதை இடையே நினைவிற் கொள்வது நன்று.

மச்சிகெங்கா என்னும் சொல்லுக்கு அவர்தம் மொழியில் 'மாந்தர்' என்பதே பொருள். தன்னை மாந்தன் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை எல்லா இனத்துக்கும் உண்டு. ஆனால் பிறர் இடும் பெயர் வேறாக இருக்கும். காட்டின் உட்பகுதியில் ஒதுங்கி வாழ்ந்தோரைக் 'கூகபாகோரி' என்று மற்றவர் அழைத்தனர். கொடியவர், முரடர் என்பது போன்ற இழிபொருள் தரும் சொல் அது. அம்மக்களுள் எவரும் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டவர் அல்லர். எனினும், அவர்களுக்கென்று ஒரு காப்புநிலத்தை ஏற்படுத்தும் வேளையில், பெரு அரசு அந்த இழிசொல்லையே அந்நிலத்தின் பெயராக எழுதி வைத்தது. பெயரையே கேட்டறியாத ஆட்சி, நிலத்தைக் கேட்டா எடுக்கும்?

1980-களின் தொடக்கத்தில் 'செல்' என்னும் கன்னெய் நிறுமம் இப்பள்ளத்தாக்கில் தேடலைத் தொடங்கியது. கன்னெய் தேடியவர்களுக்கு எரிவளி கிடைத்தது. அதுவும் பெருவாரியாகக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் மரம் வெட்டுவோரும் அக்காட்டிற்குள் ஆழமாக நுழைந்தனர். 1984-இல் நாகுவருள் சிலர் மரம் வெட்டுவோரிடம் அகப்பட்டனர். ஆற்றோர ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பின் தம் மக்களிடம் திரும்பினர். அவர்களோடு சளிக்காய்ச்சலும் திரும்பிற்று. வெளியாருக்கு மூன்று நாள் மூக்கொழுகலாக வந்து போகும் நோய் அது. அந்நோயை ஒருபோதும் கண்டறியாத உடலுக்கோ அது கூற்றம். அடுத்து வந்த சில ஆண்டுகளில் நாகுவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். ஓர் ஊரில் இருவருக்கு ஒருவர் இறந்தால், எஞ்சிய ஒருவர் இறந்தவரைப் புதைப்பாரா, மீன் பிடிக்கப் போவாரா, தாயற்ற பிள்ளைக்குச் சோறு தேடுவாரா? போர் என்று எவரும் அறிவிக்கவில்லை. ஆகவே இச்சாவுகளுக்குக் குற்றவாளி என்றும் எவரும் இல்லை.

இவ்வளவும் நடந்த பின்னரே, 1990-இல், நாகுவருக்கும் நாந்தியருக்கும் மற்றும் ஒதுங்கி வாழ்வோருக்கும் என ஏறத்தாழ நாலரை இலட்சம் எக்டேர் காடு காப்புநிலமாக ஒதுக்கப்பட்டது. வெளியார் நுழையலாகாது என்பதே அதன் நோக்கம்.

செல் நிறுமம், விலையிலும் விற்பனை உரிமையிலும் அரசோடு உடன்பாடு எட்டாமையால் 1998-இல் வெளியேறியது. காடு சிறிது மூச்சு விட்டது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் அரசு புதிய உரிமத்தை வழங்கியது. அர்செந்தீனாவின் புளூசுபெத்ரோல், தெக்சாசின் அண்டு எண்ணெய்க் குழுமம், கொரியாவின் எசுகே முதலியோர் கூட்டாக அதனைப் பெற்றனர். அவர்களுக்குத் தரப்பட்ட நிலப்பகுதிக்கு 88-ஆம் தொகுதி என்று பெயர். அத்தொகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பத்தாண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே காப்புநிலத்தின் உள்ளே அமைந்திருந்தது. இதனை அரசு அறியாமல் செய்தது என்று எவரும் சொல்ல முடியாது; இரண்டு வரைபடங்களும் அரசின் கையிலேயே இருந்தன. வேலியை நட்ட கையே வேலிக்குள் இருந்ததை விற்றது.

எரிவளியைக் காட்டிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. மலையைக் கடந்து மேற்குக் கடற்கரைக்குக் கொண்டு வரவேண்டும். இதற்கென இரண்டு குழாய்வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, தலைநகராகிய இலிமாவுக்கு எரிவளி கொண்டு செல்வது. ஏறத்தாழ 730 கிலோமீட்டர். மற்றொன்று, எரிவளியோடு கிணற்றிலிருந்து வெளிப்படும் நீர்மங்களைப் பிசுகோ என்னும் துறைமுக நகருக்குக் கொண்டு செல்வது. ஏறத்தாழ 560 கிலோமீட்டர். அந்நீர்மங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையைப் பராகாசு விரிகுடாவின் கரையில் அமைத்தனர். 1975-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் பெங்குவின்களும் வாழ்கின்ற பராகாசுக் கடற்பகுதியை அடுத்துள்ள இடைவெளி வளையத்தில் அவ்வாலை எழுந்தது. காட்டில் ஒரு காப்புநிலம் தொடக்கம். கடலில் ஒரு காப்பிடம் முடிவு! தீங்கு தொடவேண்டாத இடங்களைத் தேடிப் பிடித்துத் தொட்டாற்போன்ற திட்டம் இது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இதன் உயிர்நிலை உள்ளது.

2003 ஆகத்துத் திங்களில், ஒன்றுபட்ட அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வைப்பகம் இத்திட்டத்திற்குக் கேட்கப்பட்டிருந்த 21 கோடித் தாலருக்கு மேற்பட்ட உதவியை மறுத்தது. அதன் ஆட்சிக் குழுவில் இருவர் எதிர்த்தும் ஒருவர் ஆதரித்தும் வாக்களித்தனர். சூழற்கேட்டை முன்னிட்டே அம்மறுப்பு. தன் நாட்டு நிறுமங்கள் ஊதியம் பெறுவதற்கென்றே நிறுவப்பட்ட வைப்பகம் அது. தெக்சாசுக் குழுமம் ஒன்று பங்காளியாக இருந்தும் அது கைவிரித்தது என்றால், திட்டத்தின் குறை எத்தகையதாக இருந்திருக்கும்! ஆனால் இரண்டு கிழமை கழிவதற்குள், செப்தம்பர்த் திங்களில், வாசிங்டனிலேயே இயங்கும் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வைப்பகம் தன் கதவைத் திறந்தது. தன் பணம் ஏழரைக் கோடித் தாலர், பிற வைப்பகங்களிடமிருந்து திரட்டித் தருவது ஆறு கோடித் தாலர் என ஒப்புதல் வழங்கிற்று. அவ்வாக்கெடுப்பில் ஒன்றுபட்ட அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. எதிர்த்து நிற்கவும் மனமில்லை, ஏற்றுக்கொள்ளவும் முகமில்லை.

நூற்றைம்பது கோடித் தாலரையும் தாண்டிச் செல்லும் ஒரு திட்டத்தில் இந்தப் பதின்மூன்றரைக் கோடி எம்மட்டு என்று சிலர் கேட்கக்கூடும். குழாய்வழியின் பெரும்பகுதி அதற்குள் முடிந்தும் இருந்தது. ஆயின், இத்தகைய வைப்பகங்கள் தருவது பணம் மட்டுமன்று. அவை தருவது ஒப்புச்சீட்டு. வளர்ச்சி வைப்பகமே ஆய்ந்து பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டது என்னும் ஒரு சொல் போதும். பிற கடன்காரர்களின் ஐயம் தீர்ந்துவிடும். நாளிதழ்களின் வாய் அடைந்துவிடும். அரசுக்கும் நிறுமத்துக்கும் வெள்ளாடை கிடைத்துவிடும். மறுத்த வைப்பகம் காட்டை ஆய்ந்ததனால் மறுத்தது. தந்த வைப்பகமும் காட்டை ஆய்ந்ததனால் தந்தது என்கின்றனர். ஆய்வு ஒன்றே என்றால் முடிவு இரண்டானது எவ்வாறு?

தந்தவர்கள் வெறுங்கையோடு தரவில்லை. கட்டுப்பாடுகள் பலவற்றை விதித்தே தந்தனர் என்பது அவர்கள் தரப்பு. அது மெய்தான். காப்புநிலத்தின் சட்ட நிலையை உயர்த்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அதற்கிணங்கவே 2003-இல் பெரு அரசு ஓர் உயர்நிலை ஆணை பிறப்பித்தது. காப்புநிலத்துக்குள் இயற்கை வளங்களைப் பயன்படுத்தப் புதிய உரிமைகள் எவருக்கும் தரப்படமாட்டா என்று அவ்வாணை உறுதி கூறியது. 'புதிய' என்னும் அவ்வொரு சொல்லை நன்கு நோக்குதல் வேண்டும். ஏற்கெனவே தந்த உரிமை என்னாவது என்னும் வினாவுக்கு அச்சொல்லுக்குள்ளேயே ஒரு வாயில் திறந்து கிடந்தது. வைப்பகத்தார் இட்ட வேலியின் அமைப்பு அத்தகையது. வெளியில் நிற்பவனைத் தடுக்கும், உள்ளே புகுந்துவிட்டவனுக்குக் காவல் நிற்கும்.

2006-இல் பெரு நாடாளுமன்றம் ஒதுங்கி வாழும் தொல்குடியினரின் காப்புக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. காப்புநிலங்கள் தீண்டப்படலாகாதவை என்று அச்சட்டம் சொல்கின்றது. அடுத்து, அந்நிலத்தில் உள்ள வளத்தை எடுப்பது நாட்டின் பொதுத்தேவை என்று அரசு கருதுமானால் அதற்கு வழியுண்டு என்றும் அதே சட்டம் சொல்கின்றது. பொதுத்தேவை என்பதில் வரும் அந்தப் 'பொது' யார்? நாந்தியர் அப்பொதுவில் அடங்கியவரா, அடங்காதவரா?

மக்களைக் கேட்டார்களா என்னும் வினாவும் உண்டு. தொல்குடியினரின் நிலத்தைத் தொடுமுன் அவர்களைக் கலந்து பேசவேண்டும் என்று விதிக்கும் பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையைப் பெரு நாடு 1994-இலேயே ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தது. அவ்வாறிருந்தும் அதனை நடைமுறைப்படுத்தும் கலந்தாய்வுச் சட்டம் பெருவில் வந்தது 2011-இல். அதாவது, எரிவளி இலிமாவை அடைந்து ஏழாண்டுகள் கழிந்த பிறகு! திட்டத்தின் சூழல் அறிக்கைகளோ இசுபானிய மொழியில், சட்டவறிஞரும் பொறியாளரும் மட்டுமே விளங்கிக்கொள்ளும் நடையில், கட்டுக் கட்டாக எழுதப்பட்டவை. மச்சிகெங்கரின் மொழி இசுபானியத்தோடு எவ்வகை உறவும் இல்லாத அராவாக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1975-இல் கெச்சுவா மொழியை இசுபானியத்தோடு ஒத்த ஆட்சிமொழி என்று அறிவித்த நாடு பெரு. அக்கெச்சுவா பேசும் மலைநாட்டு உழவர்களின் நிலங்களின் ஊடாகத்தான் குழாயும் போயிற்று. தன் மொழியில் எழுதப்படாத ஆவணத்துக்கு ஒருவன் தரும் இசைவு இசைவாகுமா? கைநாட்டு வாங்குவது வேறு, கருத்து வாங்குவது வேறு. காட்டின் உட்பகுதியில் ஒதுங்கி வாழ்வோரிடம் அக்கைநாட்டைக்கூட எவரும் வாங்க இயலாது. அவர்கள் ஓடி ஒளிந்துகொள்வதே அவர்கள் அறிவித்த மறுப்பு ஆகும். அம்மறுப்பைப் படிக்கத் தெரிந்த அலுவலர் எவரும் இலர்.

2004 ஆகத்தில் எரிவளி இலிமாவை அடைந்தது, விழா எடுக்கப்பட்டது. நான்கே திங்கள் கழிந்து, அவ்வாண்டு திசம்பரில், நீர்மக் குழாய் உடைந்தது. 2005-இல் மும்முறை உடைந்தது. 2006 மார்ச்சில் ஐந்தாம் முறையாக உடைந்தபோது நீர்மம் தீப்பற்றி வெடித்தது. அருகில் வாழ்ந்தோர் தீக்காயமுற்றனர். 2007 ஏப்பிரலில் ஆறாம் முறை. புதுக்குழாய் ஒன்று, பழுதடையும் அகவையை எட்டுமுன்னே, ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்து முறை உடைந்ததற்கு உலகில் எங்கும் பெருமை கொள்ள முடியாது.

இந்நீர்மம் எத்தகையது என்பதையும் அறிதல் வேண்டும். கன்னெய்யைப் போல் கறுத்துத் தடித்து நீர்மேல் மிதந்து தன்னைக் காட்டிக்கொடுப்பதன்று இது. மெலிதானது, விரைந்து ஆவியாவது, எளிதில் தீப்பற்றுவது. ஓடையில் கலந்தால் மீனைக் கொல்லும். அளப்பதற்கு அலுவலர் வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஆகவே, ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதும் எளிது. ஆற்றுநீரையே குடித்து, அதிலேயே குளித்து, அதிலேயே மீன் பிடிப்போருக்கு மட்டும் ஆனது என்னவென்று தெரியும்.

உடைப்புக்குக் கரணியம் என்ன என்பதில் இருதரப்பு வழக்கு எழுந்தது. மலைச்சரிவில் மண் நகர்ந்தமையால் குழாய் இழுபட்டு உடைந்தது என்றது குழாய்வழிக் குழுமம். 2006-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்ட தற்சார்பு அறிக்கையோ, பற்றவைப்பில் தேர்ச்சியற்றவர்களைக் கொண்டு, பிற திட்டங்களில் எஞ்சிய குழாய்களையும் சேர்த்து, விரைவு விரைவாகப் பணி முடிக்கப்பட்டது என்று குற்றஞ்சாட்டியது. குழுமம் அதனை மறுத்தது. குழுமம் சொன்னதையே மெய்யென்று கொள்வோம். அந்தீசின் கிழக்குச் சரிவு மழையில் இளகிச் சரியும் மண் என்பது அங்கு வாழும் சிறுவனும் அறிந்த செய்தி. மண் நகரும் என்பதை முன்னறிந்து சொல்வதற்கன்றோ சூழல் அறிக்கை எழுதப்பட்டது? அறிக்கை அதனைச் சொல்லியிருந்தால் குழாய் அவ்வாறு பதிக்கப்பட்டது ஏன்? சொல்லவில்லை என்றால் அவ்வறிக்கையை ஏற்றுக் கடன் தந்தவர்கள் எதனைப் படித்தார்கள்? குறித்த நாளுக்குள் எரிவளி இலிமாவை அடையாவிட்டால் பெருந்தண்டம் கட்டவேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு பகுதி. குழாய் உடைந்தால் மச்சிகெங்கருக்குக் கட்டவேண்டிய தண்டம் எவ்வளவு என்பதை அவ்வளவு திட்டவட்டமாக எந்தக் கடன் ஆவணமும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை.

உடைப்பு என்பது நாளிதழில் வரும். நாளிதழில் வராத தீங்கு வேறு. காட்டிற்குள் சாலை போட்டால் மரம் வெட்டுவோரும் குடியேறுவோரும் பின்தொடர்வர் என்பதால், கடலின் நடுவே கிணறு தோண்டுவது போல, சாலையின்றி வானூர்தியாலும் படகாலும் மட்டுமே கிணறுகளுக்குச் சென்றுவரும் முறை கையாளப்பட்டது. நல்ல எண்ணம்தான்; அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சாலைக்கு மாற்றாக உருபாம்பா ஆறே சாலையாயிற்று. பெரும்படகுகள் ஓயாது சென்றமையால் எழுந்த அலை சிறுதோணிகளைக் கவிழ்த்தது, கரையை அரித்தது. தலைக்குமேல் உலங்கூர்திகள் இரைந்தன; வேட்டை விலங்குகள் காட்டின் உள்ளே விலகிப் போயின. குழாய் பதிக்க மலைமுகட்டில் அகலமாக வெட்டிய பாதையிலிருந்து மண் கரைந்து ஓடைகளைக் கலக்கியது. மீன் குறைந்துவிட்டது என்று ஆற்றங்கரை ஊரார் ஆண்டுதோறும் முறையிட்டனர். மீன் குறைந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. முன்பு ஒரு காலையில் பிடித்த மீனை இன்று இரண்டு நாளில் பிடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அது சான்றாகாது. நிறுமம் கூலி கொடுத்து அமர்த்தியவர் எண்ணிச் சொன்னால் சான்றாகும்! பெருவின் மக்கள் குறைகேள் அலுவலகமே 2006-இல் இத்திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டு, அரசின் கண்காணிப்புக் குறைகளை எடுத்துக்காட்டியது.

இத்திட்டத்தால் நன்மையே இல்லை என்பார் இருந்தால் அவர் உண்மை பேசுபவர் அல்லர். பெருவின் மின்னாற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு காமிசேயா எரிவளியால் ஆக்கப்படும் நிலை வந்தது. இலிமாவின் உந்துகள் அதனால் ஓடுகின்றன. ஆலைகள் அதனால் இயங்குகின்றன. அரசுக்கு உரிமப்பங்காகப் பெரும்பணம் வந்தது. அப்பணத்தில் பாதி, வளம் கிடைத்த குசுகோ மாநிலத்துக்கே திரும்பவேண்டும் என்னும் சட்டமும் உண்டு. அதனால் காமிசேயாவைத் தன் எல்லைக்குள் கொண்டிருந்த எச்சாரத்தே வட்டம், நாட்டிலேயே மிகப்பெரும் வருவாயுடைய வட்ட மன்றங்களுள் ஒன்றாயிற்று. 2016-இல் அதிலிருந்து மெகாந்தோனி என்னும் புதுவட்டம் பிரிக்கப்பட்டு அவ்வருவாய்க்கு உரியதாயிற்று. ஆனால் ஆற்றங்கரை ஊர்களில் குழந்தைகளின் ஊட்டக்குறையும் குருதிச்சோகையும் தீர்ந்தபாடில்லை. மீன் என்பது சோறு. பணம் என்பது, மன்றத்தாரின் கையைத் தாண்டி வருமானால், சோறு ஆகக்கூடிய ஒன்று. இரண்டும் ஒன்றென்று கணக்கெழுதுவது வைப்பகத்தாரின் வழக்கம்.

குசுகோ மக்களின் நிலையையே எடுத்துக்கொள்வோம். எரிவளி அவர்கள் மாநிலத்தில் பிறந்தது. அங்கிருந்து கிளம்பும் நீர்மம் மலையேறி இறங்கிப் பிசுகோக் கடற்கரையை அடைகின்றது. அங்கே சமையல் வளியாகப் பிரிக்கப்பட்டு உருளைகளில் அடைக்கப்படுகின்றது. பின்னர் அவ்வுருளைகள் சுமையுந்துகளில் ஏறி, அதே மலையைத் திரும்பக் கடந்து, குசுகோவின் அடுக்களைக்கு விலைக்கு வருகின்றன. தன் வீட்டுக் கிணற்றுநீரை அடுத்த ஊரில் போய் விலைக்கு வாங்கிய கதைதான். தென்மாநிலங்களுக்குத் தனிக்குழாய் அமைப்போம் என்று பன்முறை சொல்லி, 2014-இல் அப்பணியைப் பிரேசிலின் ஒதெபிரெச்சு தலைமையிலான கூட்டுக்குத் தந்தனர். அந்நிறுமத்தின் கையூட்டு ஊழல் கண்டம் முழுவதும் நாறிய பின், 2017 சனவரியில் உடன்படிக்கை நீக்கப்பட்டது. வாங்கிய குழாய்கள் கிடங்குகளில் கிடந்தன.

குசுகோவுக்குக் குழாய் இல்லை. ஆனால் மெக்சிகோவுக்கு எரிவளி உண்டு. இலிமாவுக்குத் தெற்கே மெல்சொரித்தா என்னும் கடற்கரை வெளியில், எரிவளியைச் சுழிக்குக் கீழ் 162 பாகைவரை குளிர்வித்து, அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிய நீர்மமாக்கிக் கப்பலேற்றும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அதற்கென்று 408 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு குழாய், 4,900 மீட்டர் உயரம்வரை ஏறி, அயாகுச்சோ மலைநாட்டின் ஊடாக வந்தது. ஏறத்தாழ 380 கோடித் தாலர் செலவு. இம்முறை கடன் தர வைப்பகங்கள் வரிசையில் நின்றன. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வைப்பகம் தன் பணமாக 40 கோடி. உலக வைப்பகக் குழுவைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 30 கோடி. கொரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் ஏற்றுமதி அமைப்புகள் பிறிதொரு பங்கு. இவற்றோடு, 2003-இல் சூழற்கேட்டைக் கண்டு கைவிரித்ததே, அதே ஒன்றுபட்ட அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வைப்பகம்! ஐந்தாண்டுகளில் அதற்குக் கண் திறந்ததா, கண் மூடியதா? இடையில் நிகழ்ந்தவை ஆறு உடைப்புகள் அன்றோ!

ஏற்றுமதிக்கு உரிய விலை, பெருவின் தேவையைக் கொண்டோ உலகின் உயர்ந்த சந்தையைக் கொண்டோ வகுக்கப்படவில்லை. ஒன்றுபட்ட அமெரிக்காவின் எரிவளிச் சந்தை விலையோடு கட்டப்பட்டது. அவ்விலை வீழ்ந்தபோது பெருவின் பங்கும் உடன் வீழ்ந்தது. அவ்விலைக்கெனக் கணக்குக் காட்டப்பட்ட சில கப்பற் சரக்குகள் வழியில் வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டு உயர்விலைக்கு விற்கப்பட்டன. பெருவின் அரசு நிறுவனம் வழக்காடியது. 2015-இல் பன்னாட்டு நடுவர் மன்றம் பெருவின் பக்கமே தீர்ப்பளித்தது. நாட்டின் பொதுத்தேவை என்று சொல்லிக் காப்புநிலத்தைத் திறந்த எரிவளித் தொழில் இத்தகையது.

இவ்வளவும் போதாதென்று, 88-ஆம் தொகுதிப் பணியைக் காப்புநிலத்துக்குள் மேலும் விரிவாக்கக் கேட்டது புளூசுபெத்ரோல். 2013 மார்ச்சில், ஒன்றிய நாடுகள் அவையின் இனவேற்றுமை ஒழிப்புக் குழு, அவ்விரிவாக்கத்தை உடனே நிறுத்தி வைக்குமாறு பெரு அரசுக்கு எழுதியது. அவ்வாண்டு சூலையில், பெருவின் பண்பாட்டு அமைச்சகத்தைச் சேர்ந்த அலுவலர்களே, இப்பணியால் ஒதுங்கி வாழும் மக்களின் உயிர்வாழ்வு கேட்டுக்குள்ளாகும் என்று கடுமையான அறிக்கை ஒன்றைத் தந்தனர். நோய் பரவுவதைப் பற்றி அவர்கள் எழுதியது கற்பனை அன்று, 1984-இன் பாடம். அறிக்கை வெளிவந்த விரைவில் திரும்பப் பெறப்பட்டது. அத்துறையின் துணையமைச்சர் பதவி விலகினார். அவ்வாண்டு முடிவதற்குள் அதே அமைச்சகம் இசைவான கருத்தை அளித்தது. காட்டில் எதுவும் மாறவில்லை. நாற்காலிகளில் இருந்தோர் மாறினர்.

2003-இன் ஆணை என்னாயிற்று? அது இன்னும் உயிரோடுதான் இருந்தது. புதிய உரிமைகள் தரப்படமாட்டா என்பதுதானே அதன் சொல்! இது புதிய உரிமை அன்று, 2000-ஆம் ஆண்டிலேயே தந்த பழைய உரிமை என்றனர். வைப்பகத்தார் கேட்டு வாங்கிய காப்பு, அக்காப்புக்கு உரியவர்களை விட்டுவிட்டு, நிறுமத்தைக் காத்தது.

2014 சனவரியில் ஒப்புதல் கையெழுத்தாயிற்று. ஆறு இடங்களில் 18 கிணறுகள்; அவற்றோடு நிலத்தடியை அறிய வெடிவைத்து ஆய்வு செய்யும் கோடுகள். ஒதுங்கி வாழும் மக்களைப் பணியிடத்தில் தற்செயலாக எதிர்கொள்ள நேர்ந்தால் பணியாளர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு, பின்வாங்குவது முதல் மேலிடத்துக்கு அறிவிப்பது வரை, நிறுமத்திடம் எழுதப்பட்ட நடைமுறை இருக்கின்றது. பணியாளரை எதிர்கொள்ள நேர்ந்தால் தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று அம்மக்களுக்கு எவரும் எழுதித் தரவில்லை. தாய் தந்தையர் சளிக்காய்ச்சலில் மாண்டதைக் கண்ட நாகுவர் அவர்களுக்கு அண்டையில் உள்ளனர்.